சவரிமுத்துவின் இரண்டு கைகள்

"கை எங்க வைக்கட்டும் அத்தை?" என்று எல்சி கேட்டாள்.

விண்ணரசி டீச்சர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தார். கடல் வந்திருந்தது. கவிழ்ந்த படகு வந்திருந்தது. மின்னல் வானத்தை இரண்டாகக் கிழித்திருந்தது. நடுவில் ஒரு வெண்கல மணியும் அதற்குப் பின்னால் முறுக்கு மீசை வைத்த ஒரு முகமும் இருந்தன. கைகள் இருக்கவேண்டிய இடத்தில், பென்சிலால் போட்டு ரப்பரால் அழித்த அழுக்குதான் மிச்சம்.

"இதென்ன கேள்வி? 'மணியை இரு கைகளாலும் மார்போடு அணைத்தபடி நீந்திக் கரை சேர்ந்தார்'னு தெளிவா எழுதிக் குடுத்திருக்கேனே."

"அதான் அத்தை தொல்லை. ரெண்டு கையும் மணியக் கட்டிக்கிட்டிருந்தா எதால நீந்துனாரு?"

"காலால."

"காலால நீந்துனா மணி மூஞ்சிக்கு நேரா வந்துருது, மூச்சு விட முடியாது. மல்லாந்து நீந்துனா நெஞ்சு மேல உக்காந்து அமுக்குது. ஒரு கையால பிடிச்சா மணி நழுவுது. எல்லா விதமாவும் போட்டுப் பாத்துட்டேன். எப்படிப் போட்டாலும் நம்ம பாட்டனார் செத்துப்போறாரு."

"செத்திருந்தா நாமெல்லாம் ஏது?" என்றார் டீச்சர். அதற்கு மேல் பேச்சில்லை என்பதுபோல் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தார். ஆனால் கேள்வி கூட்டுக்குள் போகவில்லை.

வடக்குத்துறையில் மணிவீடு என்றால் தரங்கம்பாடி வரைக்கும் தெரியும். காரைக்காலில் வந்து இறங்கிய கோயில் மணியைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தபோது, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் புயலடித்துப் படகு கவிழ்ந்தது. டீச்சரின் அப்பாவுக்குப் பாட்டனாரான சவரிமுத்து கடலில் குதித்து மணியைக் கட்டிப்பிடித்துக் கரை சேர்த்தார். அன்றிலிருந்து மாதா திருவிழாக் கொடியேற்றத்தில் கொடிக்கயிற்றில் முதல் கை மணிவீட்டுக் கைதான். எத்தனை பங்குச்சாமியார் மாறினாலும் அது மாறவில்லை. டீச்சரின் தம்பிகள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பி பிள்ளைகளில் ஜெனித் பாரிஸில், ரெமிஜியஸ் மஸ்கட்டில். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்ட விண்ணரசி டீச்சர்தான் தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்ற பிறகும் கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில் நிமிர்ந்து நின்று, வருஷா வருஷம் அந்தக் கயிற்றில் கை வைக்கிறார்.

புத்தகம் ஜெனித்தின் யோசனை. அவன் மனைவி காரைக்கால்; அவளுக்கிருந்த பிரெஞ்சுக் குடியுரிமையில் போனவன். இரண்டு பிள்ளைகள். தமிழ் காதில் ஏறுகிறது, வாயில் வரமாட்டேன் என்கிறது. செப்டம்பர் திருவிழாவுக்கு எல்லாரும் வருகிறார்கள். "அதுக்குள்ள நம்ம சவரிமுத்து கதைய கலர் படத்தோட ஒரு சின்னப் புத்தகமா போட்டுரலாம் அத்தை. நீங்க எழுதுங்க, எல்சி படம் போடட்டும்" என்று போனில் சொன்னான். ரெமிஜியஸின் மனைவி எல்சி பொறையாற்றில் டிராயிங் டீச்சர். மூன்று சொல்லில் சொல்லவேண்டியதைப் படமாகப் போட்டுவிட்டு, படமாகப் போடவேண்டியதை மூன்று மணி நேரம் பேசுகிறவள். அத்தையும் அவளும்தான் அந்தப் பெரிய வீட்டில்.

அச்சு சிவகாசியில். இடையில் இருப்பவர் கும்பகோணத்து ஏஜென்ட் சாமிதுரை. அவர் கறாராகச் சொல்லியிருந்தார்: "ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் சாயந்திரம் ஒரிஜினல் படமெல்லாம் என் கைக்கு வந்துரணுங்க. பெருக்கு அன்னைக்கு அங்க புதுக் காலண்டருக்குப் பூஜை போட்டுருவாங்க. போட்டுட்டா தீபாவளி வரைக்கும் மெஷின்ல காலண்டர்தான் ஓடும். மாதாவே நேர்ல வந்தாலும் தேதிக் கட்டையோட வந்தாத்தான் ஏத்துவாங்க."

ஆடிப்பெருக்குக்கு ஒரு வாரம் இருந்தது. எல்லாப் பக்கங்களும் முடிந்துவிட்டன, மூன்றைத் தவிர. நடுப்பக்கம், கடைசிப் பக்கம், அட்டை. நடுப்பக்கத்தில் கை நின்றது. அட்டையிலும் அதே கைதான்.

"மணி எவ்ளோ பெரிசு அத்தை? அதாவது தெரிஞ்சா ஏதாவது பண்ணலாம்" என்றாள் எல்சி மறுநாள் காலையில்.

டீச்சர் எழுபது வருஷமாக அந்த மணி அடித்துத்தான் எழுந்திருக்கிறார். அதன் பக்கத்தில் ஒரு நாளும் போனதில்லை. மணிக்கூண்டுக்குப் பெண்கள் ஏறுவதில்லை. மணிவீட்டு ஆண்களோ, ஏறவேண்டிய அவசியம் என்ன, ஊரே அதைத் தங்கள் மணி என்கிறதே என்று இருந்துவிட்டார்கள்.

"கொஞ்சம் சின்னதாத்தான் இருக்கும்" என்றார்.

"சின்னதா போட்டுரவா? ஒரு தேங்காய் அளவு?"

கேலியா என்று பார்த்தார். கேலி இல்லை. பென்சில் தயாராக இருந்தது. ஒரு நொடி, போடு என்று சொல்ல நாக்கு வந்ததுதான். அந்த நாக்கை டீச்சர் பல்லுக்குப் பின்னால் நிறுத்தினார். மணிவீட்டில் பொய் கிடையாது என்று நான்கு தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

"புடவையைத் தூக்கிச் செருகு. கோயிலுக்குப் போவோம்" என்றார்.

மணியடிக்கிற கோயில்பிள்ளை குழந்தைராஜ் மணிக்கூண்டுக் கதவுக்கு முன்னால் சாவியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான்.

"பொம்பளைங்க மேல ஏறுற வழக்கம் இல்லீங்க டீச்சர்."

"எந்த வேதாகமத்துல இருக்கு?"

"வேதாகமத்துல இல்லீங்க. ஏணி மோசமுங்க."

"ஏணி மோசம்னா ஏணிக்கு மருந்து பாரு. ஏண்டா, ஏழாம் வாய்ப்பாடு சொல்லத் தெரியாம டெஸ்க்குக்கு அடியில ஒளிஞ்சவன்தானே நீ? இப்பவும் எதையோ பின்னாடி ஒளிக்கிறியே, என்ன அது?"

சாவி முன்னால் வந்தது.

ஏணி உண்மையிலேயே மோசம். எல்சி முன்னால் ஏறினாள், டீச்சர் பின்னால். குழந்தைராஜ் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அருள்நிறை மரியே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தான். மேலே புறா எச்சமும் காற்றும். ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் வயல்கள், அவற்றுக்கு நடுவே இறால் பண்ணைக்காக வெட்டிய குளங்கள். நடுவில் மணி.

அது தேங்காய் அளவில்லை. தரையில் இறக்கி வைத்தால் டீச்சரின் இடுப்புக்கு வரும். வாய் ஒரு நெல் குதிரின் அடிப்பாகம் மாதிரி அகன்றிருந்தது.

டீச்சர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, இரண்டு கைகளையும் விரித்து மணியைக் கட்டிப்பிடித்தார். 'இரு கைகளாலும் மார்போடு அணைத்தபடி.' கன்னத்தில் வெண்கலம் குளிர்ந்தது. உள்ளேயிருந்து ஒரு பல்லி சத்தம் போட்டது. அந்தப் பக்கத்தில் அவர் விரல்கள் ஒன்றையொன்று தேடின, தொடவில்லை. தொடுவதற்கு இன்னொரு ஆளின் கை வேண்டும்.

"என் கை குட்டை" என்றார்.

"நான் பிடிச்சாலும் எட்டலை அத்தை" என்றாள் எல்சி, அந்தப் பக்கத்திலிருந்து. அவள் வரையவே இல்லை. அவளும் கட்டிப்பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே இறங்கியதும் டீச்சர் கேட்டார்: "குழந்தைராஜு, இதை எப்பவாச்சும் இறக்கியிருக்காங்களா?"

"எங்கப்பா காலத்துல உத்தரம் மாத்துனப்ப இறக்குனாங்க. கட்டை குடுத்து, கயிறு கட்டி, எட்டு ஆள் பிடிச்சாங்களாம். அதுல ஒருத்தருக்குக் கால் நசுங்கிருச்சு." பிறகு அவனாகவே, உதவி செய்கிற எண்ணத்தில், "உங்க பாட்டனாரு பெரிய பலசாலிங்க!" என்றான்.

டீச்சர் விடுவிடுவென்று நடந்தார். முதுகு வழக்கத்தைவிட அதிகமாக நிமிர்ந்திருந்தது. உள்ளே ஏதாவது ஆடினால் அந்த முதுகு அப்படித்தான் ஆகும் என்பது எல்சிக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஜெனித் போன் செய்தான். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

"அத்தை, பிள்ளைங்க கதைதானே? யாரு தராசு கொண்டுவந்து நிறுக்கப்போறா? அட்டையில தாத்தா நல்லா மார்பு விரிச்சு, கையெல்லாம் திரட்சியா, மணியத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்ச மாதிரி இருக்கணும். இங்க அப்படித்தான் வாங்குறாங்க."

"உன் மகன் செப்டம்பர்ல வருவான். புத்தகத்தைப் பாப்பான். அப்புறம் மணியைப் பாப்பான். வந்து என் முன்னாடி நின்னு எப்படி அத்தைப்பாட்டின்னு கேட்டா நீயா பதில் சொல்லுவே?"

"அவன் பிரெஞ்சுலதான் கேப்பான். உங்களுக்குப் புரியாது, தப்பிச்சிரலாம்."

"உதை வாங்குவே" என்று போனை வைத்தார். ஆனால் அவன் சொன்னதில் ஒன்று தைத்தது. புத்தகம் என்பது பேச்சு மாதிரி இல்லை. பேச்சில் சவரிமுத்து நூறு வருஷத்துக்கும் மேலாகக் கஷ்டமில்லாமல் நீந்திவிட்டார். யாரும் கை எங்கே என்று கேட்கவில்லை. படத்தில் ஒரு முழம் நகர முடியவில்லை. அச்சில் அவர் மூழ்கினால், கூடவே கொடிக்கயிற்றில் வைத்த கையும் மூழ்கும். ஆனால் மணி வந்து தொங்குகிறதே? அது பொய்யில்லையே? அப்படியானால் எப்படித்தான் வந்தது? அவமானம் ஒரு பக்கம் இருக்க, இந்தக் கேள்வி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவர் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது.

எல்சி நடுப்பக்கத்தை அப்படியே வைத்துவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அதில் பானைச் சடங்கு. திருவிழாவுக்கு முந்தின நாள் மணிவீட்டு வாசலில் சுண்ணாம்பு அடித்த புதுப் பானைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். மொத்தம் எட்டு. மீனவர் தெருவிலிருந்து பெண்கள் வந்து ஆளுக்கொன்றாக ஏழு எடுத்துப் போவார்கள். அவர்கள் மாரியம்மன் கோயில்காரர்கள்; ஆனாலும் வருவார்கள். எட்டாவது பானை வீட்டுப் பரணுக்குப் போகும். பானையை எடுத்துக் கொடுப்பதும் பரணில் வைப்பதும் வீட்டுப் பெண்கள்தான், ஆண்கள் தொடமாட்டார்கள். ஏன் கவிழ்த்து வைக்கவேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால், "ஆண்டவருக்கு முன்னால் நாமெல்லாம் வெறும் பானை என்ற தாழ்மையைக் காட்ட" என்று டீச்சர் சொல்வார். அந்த விளக்கத்தைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். மூன்று சாமியார்கள் அதைப் பிரசங்கத்தில் எடுத்துப் பேசியிருக்கிறார்கள்.

"பானைய எடுத்துட்டுப் போயி என்ன பண்ணுவாங்க அத்தை?" என்றாள் எல்சி. "வாசல்ல இருக்கறதப் போட்டுட்டேன். இந்தப் பக்கம் பாதி காலியா இருக்கு. அவங்க வீட்டுல வெச்சிருக்கற மாதிரி போட்டா நல்லாருக்கும்."

"சமைப்பாங்க. வேற என்ன?"

"கேட்டுருக்கீங்களா?"

கேட்டதில்லை. கொடுத்ததை என்ன செய்தாய் என்று கேட்பது மணிவீட்டு மரியாதைக்கு அடுக்காது என்று வளர்ந்தவர். ஆனால் அன்று காலை மீனவர் தெரு சௌந்தரநாயகி மீன் கூடையோடு வாசலுக்கு வந்தபோது, மரியாதை கொஞ்சம் தள்ளி நின்றது.

"ஏ சௌந்தரம், திருவிழாவுக்கு வாங்கிட்டுப் போற பானைய என்ன செய்யறே?"

சௌந்தரநாயகி கூடையை இறக்காமலே நின்றுவிட்டாள். "ஏன் டீச்சரம்மா, திருப்பிக் கேக்கப்போறீங்களா? வஞ்சிர மீனு விலை ஏறிடுச்சுன்னு சொன்னதுக்கா?"

"சும்மா சொல்லு. புத்தகத்துல படம் போடணும்."

"என்ன பண்ணுவோம், கடலுக்குக் கொண்டுபோவோம். நேரா வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போகக் கூடாது. கவுத்தவாக்கிலயே கடல்ல மார்பளவு இறங்கி அமுக்கணும். அமுக்குனா அமுங்குமா? துள்ளிக்கிட்டு மேல வரும். பிள்ளைங்கள்லாம் சிரிக்கும். மூணு தடவ அமுக்கிட்டு அப்புறம்தான் நிமித்தலாம். அதுல உப்பு போட்டு வெச்சுக்குவோம்."

எல்சியின் பென்சில் நின்றது.

"ஏன் அப்படிச் செய்யணும்?" என்றார் டீச்சர்.

"ஏன்னா? எங்க மாமியா செஞ்சா, நான் செய்யறேன். நீங்க ஏன் குடுக்குறீங்கன்னு நாங்க கேட்டமா? உங்க சாமி சமாச்சாரம்னு வாங்கிக்கிட்டோம்."

"எங்க சாமி சமாச்சாரமா? நாங்க உங்க வழக்கம்னுல்ல நினைச்சோம்."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சௌந்தரநாயகி முதலில் சிரித்தாள். "நல்லா இருக்கு கூத்து! குடுக்குறவங்களுக்கும் தெரியல, வாங்குறவங்களுக்கும் தெரியல!"

டீச்சர் சிரிக்கவில்லை. அமுக்கினால் துள்ளிக்கொண்டு மேலே வரும். கவிழ்த்த பானைக்குள் காற்று. கொள்ளிடத்தில் பாலம் வருவதற்கு முன்னால் தயிர்க்காரிகள் பானையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அக்கரைக்கு நீந்துவார்கள் என்று அவர் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறார். ஐந்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் இதே சோதனையைக் கண்ணாடி டம்ளரும் வாளித் தண்ணீரும் வைத்து எத்தனை வருஷம் செய்து காட்டியிருக்கிறார்! டம்ளரைத் தெரிந்தது, வாசலில் இருந்த பானையைத் தெரியவில்லை.

"எல்சி, நம்ம ஆட்டுக்கல் எங்க கெடக்கு?"

ஆட்டுக்கல் கிணற்றடியில் கிடந்தது. ரெமிஜியஸ் மஸ்கட்டிலிருந்து வந்தபோது கிரைண்டர் வாங்கி வைத்ததிலிருந்து அதன்மேல் காக்கைதான் உட்காருகிறது. சௌந்தரநாயகியின் புருஷன் காயாரோகணம் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்தான். அவனும் இன்னும் இரண்டு பேருமாக அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி உப்பனாற்றுக்குக் கொண்டுபோனார்கள். தெருவில் எல்லாருக்கும் ஒரே சந்தேகம்: மணிவீட்டு அம்மாவுக்கு என்ன ஆயிற்று, ஆட்டுக்கல்லைக் குளிப்பாட்டப் போகிறாரே?

கழிமுகத்துக்குப் பக்கத்தில் ஆறு இடுப்பளவுதான். வைக்கோலைத் திரித்த பழுதைக் கயிற்றால் கல்லைச் சுற்றிக் கட்டி, ஒவ்வொரு பழுதையின் நுனியிலும் ஒரு பழைய திருவிழாப் பானையைக் கவிழ்த்து அதன் கழுத்தைக் கட்டினார்கள். நான்கு பானைகளைச் சௌந்தரநாயகி தெருவிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்திருந்தாள்; ஐந்தாவது மணிவீட்டிலிருந்து வந்தது. காயாரோகணம் கல்லை நீருக்குள் தள்ளினான். பானைகள் ஒரு கணம் கம்பீரமாக நின்றன. பிறகு ஒன்று சாய்ந்து பொளக் என்றது. அடுத்தது பொளக். வரிசையாக எல்லாம் பொளக் பொளக் என்று மூச்சை விட்டுக் கல்லோடு போய்ச் சேர்ந்தன. கரையில் நின்ற கூட்டம் கைதட்டியது.

"டீச்சரம்மா, உங்க பாட்டனாரு மறுபடியும் போயிட்டாரு!" என்று யாரோ கத்தினார்கள். விஷயம் அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

"எடுத்து இன்னொரு தடவை கட்டு" என்றார் டீச்சர். அவமானம் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை. கழுத்தை நீட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தடவையும் அதே கதிதான். பழுதை ஒரு பக்கமாக இழுத்தது, பானை சாய்ந்தது, காற்று போனது. "நேரா நின்னாத்தான் தாங்கும், நேரா நிக்க மாட்டேங்குது" என்றாள் எல்சி, கரையில் உட்கார்ந்து வேகவேகமாக வரைந்துகொண்டே.

"ஆளு பிடிச்சா நிக்காதா?" என்று சௌந்தரநாயகி சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி, ஒரு பானையின் வயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்து நிமிர்த்தினாள். நின்றது. "ஏ வள்ளியம்மை! வேடிக்கை பாக்காம வாடி! ஏ மாரி, நீயும் வா!" அவர்கள் இறங்கினார்கள். எல்சி நோட்டைப் போட்டுவிட்டு இறங்கினாள். ஆளுக்கொரு பானை. கடைசியில் ஒரு பானைக்கு ஆள் இல்லை. அது மணிவீட்டுப் பரணிலிருந்து வந்த பானை. தனியாகச் சாயத் தொடங்கியது.

காயாரோகணம் அதைப் பிடிக்கக் கை நீட்டினான். "நீ தொடாதே, கல்லைப் பாரு" என்றார் டீச்சர். செருப்பைக் கழற்றினார். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையோடு, ஒரு படி இறங்குகிற மாதிரி, உப்பனாற்றில் இறங்கினார். பானையின் வயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்து நிமிர்த்தினார். நேராக நிற்பது அவருக்குத் தெரியாத வேலையா?

"இப்பத் தள்ளு."

காயாரோகணம் குனிந்து நீருக்குள் கல்லைத் தொட்டான். நிமிர்ந்தபோது அவன் முகம் ஒரு மாதிரி இருந்தது. "ஒரு கையால நவுருதுங்க டீச்சரம்மா" என்றான்.

ஆட்டுக்கல் சேற்றை விட்டுக் கிளம்பியது. பெண்கள் பானைகளைப் பிடித்தபடி ஓரடி வைத்தால் அதுவும் ஓரடி வந்தது, கூட வருகிற கன்றுக்குட்டி மாதிரி. கல் கரையில் தட்டியதும் சௌந்தரநாயகி போட்ட கூச்சல் கோயில் வரைக்கும் கேட்டதாகக் குழந்தைராஜ் பிறகு சொன்னான்.

ஈரப் புடவையோடு வீடு திரும்பியபோது எல்சிதான் முதலில் வாய்விட்டுச் சொன்னாள்: "ஒரு பானைக்கு ஓர் ஆளு. ஏழு அவங்க வீட்டுக்கு. ஒண்ணு நம்ம வீட்டுக்கு."

"ம்."

"எட்டுப் பேரு அத்தை."

"எனக்கும் கூட்டல் தெரியும்."

ஆடிப்பெருக்குக்கு முன்னால் மிச்சமிருந்த நாட்களில் டீச்சர் எழுதினதை எல்லாம் அடித்தார். ஜெனித் போனில் கெஞ்சினான், கோபித்தான். "ஊரே நம்ம தாத்தாவப் பத்தித்தானே பேசுது? நீங்களே மீனவர் தெருவுக்குத் தூக்கிக் குடுக்குறீங்களே! கொடிக்கயிறு என்ன ஆகும்?"

"ஏன் கொடுக்கறோம்னு மறந்த பிறகும் வருஷம் தவறாம பானை கொடுத்த வீடு இது. அந்த மரியாதை போதும் கயித்தைத் தொட. போதாதுன்னா, இன்னும் ஏழு கை சேந்து தொடட்டும். கயிறு நீளமாத்தான் இருக்கு."

"அப்ப இதுதான் நடந்துச்சுன்னு எழுதுறீங்களா?"

"நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி ஒரு தடவை எழுதியாச்சு, போதும். கேள்வியா எழுதறேன். நீந்தியிருப்பாரோ? மூழ்கியிருப்பாரே. கட்டையில கட்டியிருப்பாரோ? கட்டை புரண்டிருக்குமே. ஏன் எட்டுப் பானை? ஏன் கவிழ்ந்த பானை? ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி."

"கேள்வியிலயே முடியற கதையா அத்தை?"

"உன் பையன் பதில் சொல்லட்டும். தமிழ்ல."

ஜெனித் கொஞ்சம் இறங்கி வந்து, "அட்டையில மீசையாவது இருக்குமா?" என்றான்.

"மீசை உள்ள இருக்கு. அட்டையில இல்லை."

அட்டைதான் கடைசி. கும்பகோணத்துக்குப் பத்தரை மணி பஸ்ஸைப் பிடித்தால் மாலைக்குள் சாமிதுரை கையில் கொடுத்துவிடலாம். எல்சி விடிந்ததிலிருந்து மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. கரும்பச்சைக் கடல். நடுவில் மணி, பாதி நீருக்குள். அதைச் சுற்றி வெள்ளைப் பானைகள். ஒவ்வொரு பானையையும் பிடித்தபடி இரண்டு கைகள். முகம் யாருக்கும் இல்லை, கைகள் மட்டும். ஏழு ஜோடிக் கைகளில் கண்ணாடி வளையல்கள் மின்னின. எட்டாவது ஜோடி வெறுமனே இருந்தது.

"கை எங்கன்னு கேட்டேனே அத்தை, இதோ வந்துருச்சு" என்றாள். பிறகு தூரிகையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "இந்தக் கைக்கு வளையல் உண்டா?" என்றாள்.

டீச்சர் அந்தக் கைகளைப் பார்த்தார். அது மணிவீட்டுப் பானை. மணிவீட்டில் பானையைத் தொடுவது பெண்கள் மட்டும்தான். சவரிமுத்துவின் பெண்சாதி பெயர் என்ன? அப்பா சொன்னதில்லை. அப்பாவுக்கு அவருடைய அப்பா சொல்லியிருக்கமாட்டார். கல்லறையில்கூட 'சவரிமுத்து அவர்களின் மனைவி' என்றுதான் வெட்டியிருக்கிறது. அன்று உப்பனாற்றில் தன் உள்ளங்கையில் உந்திய பானையின் வயிறு அவருக்கு இன்னும் நினைவிருந்தது.

வாசலில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது.

"வளையல் போட்டா அது அவ. போடலைன்னா அது அவரு" என்றாள் எல்சி. "சீக்கிரம் சொல்லுங்க அத்தை, பெயின்ட் காயணும்."

"ரெண்டும் வேண்டாம்" என்றார் விண்ணரசி டீச்சர். விரலை நீட்டி, தாளைத் தொடாமல், காற்றில் ஒரு கோடு இழுத்தார். "வளையல் போடற இடம் வரைக்கும் ஒரு அலை போடு. நல்ல நுரையா போடு."

எல்சி வெள்ளையைத் தொட்டு அலையைப் போட்டாள். இரண்டு கைகளும் நுரைக்கு மேலே விரல்கள் மட்டுமாக நின்றன.

"பிள்ளைங்க இது யாரு கைன்னு கேட்டா?"

"கேக்கணும்னுதான்" என்றார் டீச்சர். படத்தை எடுத்து, பெயின்ட் காய வாயால் ஊதிக்கொண்டே, ஆட்டோவை நோக்கி நடந்தார்.